காலையில் கடைந்த மோர்

கண்ணு,

உன் கடுதாசியைத் தபால்காரர் கொண்டுவந்தபோது நான் களத்தில் உட்கார்ந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். கையைக் கழுவக்கூடப் பொறுமையில்லாமல் மண் விரலோடு பிரித்துவிட்டேன். பரீட்சை இந்தத் தடவையும் கைவிட்டுப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். போகட்டும். அதற்குக் கீழே எழுதியிருக்கிறாயே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மணவறையில் வந்து உட்கார என்னால் முடியாது. தை மாசக் கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள். தங்கத்துக்கு வேறு நல்ல இடமாகப் பார்க்கச் சொல்லிச் சேந்தமங்கலத்துக்கு ஆள் அனுப்புங்கள். நான் ஒரு மனிதனாகத் தலையெடுத்த பிறகுதான் ஊருக்கு வருவேன்.’ அடேயப்பா! அப்படியானால் இத்தனை வருஷமாக நான் சோறு போட்டு வளர்த்தது எதை? சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள், “என்னக்கா, மூஞ்சி இப்படிப் போவுது? பையன் சொகந்தானே?” என்று கேட்டார்கள். “சொகந்தான், பட்டணத்துல ஒரே மழையாம்” என்று சொல்லிவிட்டுக் கடுதாசியை மடியில் செருகிக்கொண்டேன்.

அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் திட்டாகவே வந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன். இப்போது கோபம் ஆறிவிட்டது. ஆறியது என்றால் முழுசாக இல்லை; சோறு பொங்கி அடங்கிய பிறகும் அடியில் கொஞ்சம் கொதித்துக்கொண்டுதானே இருக்கும், அந்த மட்டும். நடுவில் மாட்டுக் கொட்டாயில் உன் அப்பா ஒன்று சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் உனக்கு எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். நீ அவசரப்பட்டுப் பின்பக்கத்தைப் புரட்டாதே.

முதலில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். தாய் பிள்ளைக்கு நன்றி சொல்வதாவது என்று நினைப்பாய். சொன்னால் என்ன, குறைந்தா போய்விடுவேன்? நான் அயோத்தியாப்பட்டணத்துப் பெண். சேலத்துக்குக் கிழக்கே பேசும் பேச்சு வேறு, இங்கே பேசும் பேச்சு வேறு. கல்யாணமாகி வந்த புதிதில் நான் ‘வீடு’ என்று சொன்னால் உன் அத்தைமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். “வாத்தியாரு மக இல்லீங்களா, அச்சடிச்சாப்புல பேசறாங்க” என்பார்கள். வாய் பேசவே பயந்துகொண்டு கிடந்த காலம் அது. நீ பேச ஆரம்பித்தாய். வெளியில் விளையாடும்போது ‘ஊடு’ என்பாய். என்னிடம் வந்தால் ‘வீடு’ என்பாய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த ஊரில் என் பேச்சைப் பேச ஒரு ஆள் இருந்தது, அது நீதான். இன்றைக்கு நானே ‘ஊடு’ என்றுதான் சொல்கிறேன், அது வேறு கதை. எனக்கு விஷக்காய்ச்சல் வந்து கிடந்தபோது நீ அடுப்பூதிக் கஞ்சி வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டாய். வாயில் வைக்க முடியவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அந்தக் கஞ்சிக்கு எந்தப் பரீட்சையில் எத்தனை மார்க்குப் போடுவார்கள் சொல்லு.

நீ இப்படி ஆனதற்கு என் பங்கும் உண்டு என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் நீ முதலாவதாக வந்த நாளெல்லாம் நான் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். சந்தோஷத்தில் செய்ததுதான். ஆனால் ஒரு வருஷம் நீ மூன்றாவதாக வந்தாய். பையைத் தூணோரம் வைத்துவிட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தாய். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். “இன்னைக்குக் கச்சாயம் இல்லைதானேம்மா?” என்று கேட்டாய். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, உனக்கே பதில் தெரியும் என்பது மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாய். கடலைப் புண்ணாக்கு வாசனை அடிக்கும் அந்தக் கொட்டாயில் போய்க் கன்றுக்குட்டி பக்கத்தில் படுத்துக்கொண்டாய். அன்றைக்கே எழுந்துபோய் மாவு பிசைந்திருக்க வேண்டும் நான். தோன்றவில்லை. வேலை மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

படிக்காதே, முயற்சி பண்ணாதே என்று நான் சொல்லப்போவதில்லை. பகலெல்லாம் மண்டியில் கணக்கெழுதிவிட்டு, இருக்கிற கொஞ்சநஞ்ச மண்ணெண்ணெயில் நீ படிப்பது எனக்குப் பெருமைதான். நம் ஊரிலிருந்து அந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்தவன் நீ ஒருத்தன்தான் என்று நான் சந்தையில் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? ஓடுகிறவன் ஓடட்டும். ஆனால் ஓடி ஜெயித்தால்தான் நான் ஒரு மனிதன், இல்லாவிட்டால் வாசல் மிதிக்க லாயக்கில்லாதவன் என்று ஓடுகிறாயே, அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. ஏனென்றால் இதே ஓட்டத்தை நான் ஒருதரம் பார்த்திருக்கிறேன். அப்போது நீயும் கூட இருந்தாய், என் இடுப்பில்.

உன் அப்பாரு, என் மாமனார், இரண்டு பிள்ளைகளுக்கும் பாகம் பிரித்தபோது உன் பெரியப்பாவுக்கு வாய்க்கால் ஓரத்து வயல் போயிற்று. உன் அப்பாவுக்குக் பாறைக் கரட்டை ஒட்டிய மேட்டுக்காடு. அதில்கூட உன் அப்பாவுக்கு வருத்தமில்லை. வருத்தம் எங்கே என்றால், கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் தேர் நோம்பிக்கு மாட்டுச் சந்தை கூடுமே, அந்தத் தாவணியில் உன் பெரியப்பாவின் எருதுக்கு ஒரு வருஷம் வெள்ளி மெடல் கொடுத்துவிட்டார்கள். சிவப்பு நாடாவோடு அதை அவர் வீட்டு முன்சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். உன் அப்பாரு அதற்குக் கீழேதான் கட்டில் போட்டு உட்காருவார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணாந்து காட்டுவார். “சின்னவரு என்னங்க பண்றாரு?” என்று யாராவது கேட்டால், “சின்னவனா? அவன் கை பட்டது எது வெளங்கிச்சு?” என்பார். உன் அப்பா அங்கேயே மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நின்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல் நான் உள்ளே போய்விடுவேன்.

மயிலை என்று ஒரு எருது நம்மிடம் இருந்தது. சாம்பல் நிறம், நெற்றியில் சுழி, பார்த்தால் கண் எடுக்க முடியாது. இந்த வருஷம் மெடல் எனக்குத்தான் என்று உன் அப்பா முடிவு பண்ணிவிட்டார். அன்றையிலிருந்து மயிலைக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, பிள்ளை பெற்றவளுக்குக்கூட அந்தப் பத்தியம் பார்க்க மாட்டார்கள். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, கொம்புக்கு நல்லெண்ணெய். எனக்குத் தலைக்கு எண்ணெய் இல்லை, கொம்பு மட்டும் மினுமினு என்று இருக்கும். ஏரில் பூட்டினால் கழுத்தில் காய்ப்புக் காய்த்துவிடும், அழகு கெட்டுவிடும் என்று ஏரிலும் பூட்டவில்லை, கிணற்றில் கவலை இறைக்கவும் பூட்டவில்லை. நம்மிடம் இருந்த இன்னொரு எருது செவலைக்குச் சோடியாகப் பக்கத்துக் காட்டுக்காரரின் கிழட்டு எருதை இரவல் வாங்கித்தான் அந்த வருஷம் தண்ணீர் இறைத்தோம். “ஏனுங்க, இது மாடா, மாப்பிள்ளையா?” என்று கேட்டேன். “மெடல் வரட்டும், அப்புறம் பேசு” என்றார். அவர் அப்படி வெடுக்கென்று பேசுகிறவர் இல்லை, உனக்குத் தெரியும்.

தாவணிக்கு எல்லோரும் போனோம். உன் பெரியப்பாவின் வண்டியில் உன் அப்பாரு. கசங்காத ஒரே சேலையைக் கட்டிக்கொண்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு நான். மயிலையைக் கண்டவர்கள் நின்று நின்று போனார்கள். மாட்டு டாக்டரும் தாசில்தாரும் வந்தார்கள். டாக்டர் மயிலையைச் சுற்றி வந்து, பல்லைப் பார்த்து, குளம்பைப் பார்த்து, கடைசியில் கழுத்தில் கை வைத்தார். “என்னய்யா இது, கழுத்து பஞ்சு மாதிரி இருக்கு? ஏர்ல கட்டறதே இல்லையா?” என்றார். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “இந்த வருசம் பூராவும் ஒரு சால் ஓட்டாம காப்பாத்தி வச்சிருக்கறனுங்க சாமி!” என்றார். எனக்குத் திக்கென்றது. அவருக்கு உறைக்கவில்லை. உழவு மாட்டுக்குக் கொடுக்கிற மெடல் அது! டாக்டர் ஒற்றை மாட்டு வண்டியில் மண் மூட்டை ஏற்றச் சொன்னார். அதை மணலில் இழுக்க வேண்டும், அதுதான் பரீட்சை.

மயிலைக்குப் பாரம் என்றால் என்ன என்பதே மறந்துபோயிருந்தது. நுகத்தடி கழுத்தில் பட்டதும் திரும்பி ஒருதரம் உன் அப்பாவைப் பார்த்தது. ‘என்ன விளையாட்டு இது’ என்று கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு நிதானமாக முன்னங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. தாவணியே சிரித்தது. “மாப்பிள்ளைக்கு ஒரு தலகாணி கொண்டாங்கப்பா!” என்று ஒருத்தன் கத்தினான். “தாலாட்டு யாரு பாடறது?” என்று இன்னொருத்தன். நீகூட என் இடுப்பிலிருந்து கைதட்டிச் சிரித்தாய், ஒன்றும் தெரியாத பிள்ளை. உன் அப்பா குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டே தன் அப்பாவைப் பார்த்தார். உன் அப்பாரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பெரியப்பாவின் வண்டியில் ஏறிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“நீ பையனைக் கூட்டிக்கிட்டு அந்த வண்டியிலயே போ. நான் பின்னால வாரேன்” என்றார் உன் அப்பா. நானும் நம்பி வந்துவிட்டேன். அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. தாவணிக்குப் போய்த் திரும்பியவர்களிடம் விசாரித்தேன். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரோடு தங்கி ஒத்தாசை பண்ணிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். சேந்தமங்கலத்தில் கூடப்பிறந்த தங்கச்சி வீடு இருக்கிறது, அங்கேகூட எட்டிப் பார்க்கவில்லை. “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊட்டுக்குப் போறது, ஒரு மெடலோடதான் இனி ஊர் மிதிப்பேன்” என்று சொன்னாராம். உன் கடுதாசியைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதனால்தான். சொத்தில் மேட்டுக்காடு உனக்கு வருவதற்கு முன்னாலேயே அந்த மூஞ்சி உனக்கு வந்து சேர்ந்துவிட்டது போலிருக்கிறது.

நாலைந்து நாள் பொறுத்தேன். பிறகு பக்கத்துக் காட்டுக்காரியிடம் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு தூக்குப்போசியில் கம்பஞ்சோறு போட்டுக்கொண்டு, உன்னையும் தூக்கிக்கொண்டு சேந்தமங்கலம் போகும் கடலை வண்டியில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே யோசனை. மெடல் கிடக்கிறது, வாங்க என்றால் வர மாட்டார். அழுதால் இன்னும் சங்கடப்படுவார். எனக்காக வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் காலத்தில் யார் அப்படிச் சொன்னார்கள்? வேலை இருக்கிறது என்றால்தான் வருவார் என்று தோன்றியது. அப்போது நமக்குக் கறவை ஒன்றே ஒன்று, வெள்ளச்சி. தினமும் அவர்தான் கறப்பார். வேறு யாராவது மடியில் கை வைத்தால் காலைத் தூக்கும் என்று ஊருக்கே தெரியும். சரி, வெள்ளச்சியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தேன்.

புளியமரத்தடியில், கீழே சாய்த்துக் கட்டிப் போட்ட யாரோ வீட்டு மாட்டின் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்துவிட்டது. மயிலை பக்கத்தில் வைக்கோல் தின்றுகொண்டு நின்றது, அதற்கென்ன கவலை. என்னைப் பார்த்ததும், “எதுக்கு வந்தே?” என்றார். “வெள்ளச்சி பால் உட மாட்டீங்குதுங்க. நீங்க போனதிலிருந்து ஒரு சொட்டு இல்லை. கிட்டப் போனா ஒதைக்குது” என்றேன். “மடி கட்டிக்கப் போவுது” என்று பதறினார். “கட்டிக்கிச்சுங்க. கல்லாட்டம் இருக்குது. கன்னுக்குட்டி கத்தற கத்தலு காது குடுத்துக் கேக்க முடியலை” என்று நானும் சேர்த்துவிட்டேன். ஒரு பொய்க்கு வாய் திறந்துவிட்டால் அடுத்தது தானாக வருகிறது. அவர் பசியாக இருப்பார் என்று போசியைத் திறந்து, மோர் விட்டிருந்த சோற்றைக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு நீட்டினேன். குடித்தார். “மோர் புளிக்கவே இல்லையே” என்றார். “புளிக்குமா பின்ன? காத்தால கடைஞ்சதாச்சே” என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். லாடக்காரரிடம் சொல்லிக்கொண்டு மயிலையின் கயிற்றை அவிழ்த்தார். “நட, போலாம்” என்றார்.

நடந்தேதான் வந்தோம். உன்னை மயிலையின் முதுகில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் சிரித்த அந்த மாட்டின்மேல் நீ ராசா மாதிரி உட்கார்ந்து வந்தாய். ஊருக்குள் நுழையும்போது தலையைக் குனிந்துகொள்வார் என்று நினைத்தேன். கேட்டவர்களிடமெல்லாம், “படுத்துக்கிச்சுங்க மாமா, என்ன பண்றது, பாரத்தைப் பார்த்ததும் படுத்துக்கிச்சு” என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். அந்தச் சிரிப்பு பழைய சிரிப்பு இல்லை. மறுநாள் காலையில் மயிலையை ஏரில் பூட்டினார். இரண்டு மழைக்குள் அதன் கழுத்தில் நல்ல காய்ப்பு ஏறிவிட்டது. அந்த மேட்டுக்காட்டில் முதல்முதலாகச் சோளம் ஆளுயரம் நின்றது மயிலை உழுதுதான்.

இதற்குப் பிறகு உன் அப்பா முயற்சியை விட்டுவிட்டார் என்று நினைக்காதே. மாடு வளர்ப்பதில் முன்னைவிட அதிகமாகத்தான் பாடுபட்டார். சில வருஷம் கழித்து, போகிற போக்கில், வெள்ளச்சியின் கன்று ஒன்றைத் தாவணியில் கொண்டுபோய் நிறுத்தினார். பரிசும் வந்தது. உனக்குத் தெரியாதே! மாட்டுக் கொட்டாயில் கை கழுவ வைத்திருக்கும் பித்தளைச் செம்பு இருக்கிறதே, ஒரு பக்கம் ஒடுங்கினது, அதுதான். கொண்டுவந்து வைத்தார், ‘கறக்க உக்காரும்போது தண்ணி மொள்ளறதுக்கு ஆகும்’ என்றார், அவ்வளவுதான். உன் அப்பாரு கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தது நம் வீட்டில் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அப்பாதான் குளிப்பாட்டினார், ஊட்டினார். அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருமா என்று நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. உன் அப்பாவிடம் புலம்பினேன். “அவருக்குச் சொல்ல வரலை, உடு” என்று சொல்லிவிட்டுத் தீவனம் வைக்கப் போய்விட்டார்.

இப்போது கொட்டாயில் நடந்ததைச் சொல்கிறேன். உன் கடுதாசியை அவருக்குப் படித்துக் காட்டினேன். கறந்துகொண்டே கேட்டார். படித்து முடித்துவிட்டு, “எனக்குக் காய்ச்சல், படுத்துக்கெடக்கறேன்னு எழுதிப் போடறேன். அடுத்த ரயிலேறி ஓடியாந்துருவான். வந்ததும் அப்படியே மணவறையில உக்கார வச்சுரலாம்” என்றேன். அவர் தலையைத் தூக்காமலே, “பொய் சொல்லிக் கூப்புடாத” என்றார். “ஏன், உங்களை அப்படித்தானே கூட்டியாந்தேன்!” என்று வாய் தவறி வந்துவிட்டது. வெள்ளச்சி எனக்கும் பால் விட்டது கண்ணு. முதல் நாள் ஒரு உதை உதைத்தது, மறுநாளிலிருந்து சாதுவாக நின்றது. இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது என்று நினைத்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

உன் அப்பா சிரித்த சிரிப்பில் கறந்த பால் தளும்பியது. “ஏம்புள்ள, ஒரு சொட்டுப் பால் இல்லைன்னு வந்தவ, காத்தால கடைஞ்ச மோரைக் கொண்டாந்து ஊத்தறே! இருக்கறது ஒத்தக் கறவை. எனக்குத் தெரியாதா?” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “தெரிஞ்சே எதுக்கு வந்தீங்க அப்ப?” என்று கேட்டேன். அவர் கன்றை அவிழ்த்துவிட்டார். அது ஓடிவந்து மடியில் முட்டுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மாடு கூப்புட்டிருந்தா வந்து கறந்து போட்டுட்டு மறுபடியும் போயிருப்பேன். கூப்புட்டது நீயில்ல?”

நான் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். வருத்தத்தில் இல்லை. இப்படி ஒரு மனிதரோடு எனக்கு வாழக் கிடைத்ததே என்றுதான். கறந்த பாலுக்காக, உழுத காட்டுக்காக, வாங்காத மெடலுக்காக நான் அவரைத் தேடிப் போகவில்லை. அது எனக்கே சரியாகத் தெரியாத நாளில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மோரைக் குடித்த நிமிஷத்தில் அவர் ஒரு ஆளாகிவிட்டார். சேந்தமங்கலத்து வெயிலில், தாடியோடு, கையில் ஒன்றும் இல்லாமல்.

சேந்தமங்கலத்துக்கு நான் ஆள் அனுப்பவில்லை. நானே போனேன். உன் அத்தையிடம் சொல்லவில்லை, அவள் பெண் தங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டு உன் கடுதாசியில் இருந்ததைச் சொன்னேன். மறைத்துக் கல்யாணம் பண்ணி வைக்க எனக்கு இஷ்டமில்லை. அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே, “ஏனுங்கத்தை, நான் அவங்களைக் கட்டிக்கப் போறனுங்களா, பரீட்சையைக் கட்டிக்கப் போறனுங்களா?” என்று கேட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர், குரலில் மட்டும் கோபம். “என்னை வேண்டாம்னா வந்து எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க. பரீட்சை மேல பழியப் போட வேண்டாம்னு சொல்லுங்க” என்றாள். சொல்லிவிட்டேன். அவளுக்கு உன்மேல் பிரியமும் இருக்கிறது, ரோஷமும் இருக்கிறது. இரண்டும் இருக்கிற பெண் கிடைக்க நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

பரீட்சையை இன்னொரு தரம் எழுதுவாயோ, பத்துத் தரம் எழுதுவாயோ, விட்டுவிட்டு வேறு எதையாவது பிடிப்பாயோ, அது உன் இஷ்டம். கல்யாணம் வேண்டாம் என்றால் அதையும் வந்தே சொல்லு, நான் கூட நிற்கிறேன். ஆனால் வா. சேலம் வரைக்கும் ரயில். அங்கிருந்து வரும் பஸ், யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டுகிற பஸ். மேடு வந்தால் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொல்கிறானாம். இறங்கித் தள்ளு, ஒன்றும் குறைந்துவிட மாட்டாய்.

உன் அப்பா சொன்னபடி இந்தக் கடுதாசியில் பொய் எதுவும் எழுதவில்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். அப்பாவும் சௌக்கியம். கடலைக்காய் ஆய்ந்து முடித்தாயிற்று. இப்போதிருக்கும் மாடு யார் மடியில் கை வைத்தாலும் பால் விடுகிறது. இங்கே உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்றுகூட இல்லை, சாமி. கச்சாயத்துக்கு மாவு இடித்து வைத்திருக்கிறேன். கிளம்பி வா.

உன் அம்மா